ஆட்-ஆன் பேப்பர் நீட்டின ஐவிஎஃப் கிளினிக்: ரிசல்ட் சொல்லாம ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், எனக்குக் குழந்தை பொறந்துச்சா இல்லையாங்கறது இந்த ரிவ்யூல வராது, கேக்காதீங்க. இந்த கிளினிக் பத்தி ஏற்கனவே ஏகப்பட்ட ரிவ்யூ இருக்கு, சேர்றதுக்கு முன்னாடி ராத்திரி தூக்கம் வராம எல்லாத்தையும் படிச்சவ நான். ஒண்ணு அஞ்சு ஸ்டார் இல்லன்னா ஒரு ஸ்டார், நடுவுல ஆளே கிடையாது. அஞ்சு ஸ்டார் குடுத்தவங்களுக்குக் கரு நின்னுடுச்சு, ஒரு ஸ்டார் குடுத்தவங்களுக்கு நிக்கல, அவ்ளோதான் அதுல இருந்து தெரிஞ்சுக்க முடிஞ்சது. டாக்டர் எப்படி, லேப் எப்படி, எதுக்கு சரின்னு சொல்லணும் எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்னு ஒருத்தரும் எழுதல. அதான் நான் எழுதறேன்.

பேரும் போட மாட்டேன். ஏன்னா குறை சொல்லப் போறேன், அந்தக் குறை இவங்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்ல, அதே மாதிரி ஆட்-ஆன் பேப்பரை, அதாவது ஐவிஎஃப்க்கு (லேப்ல கரு உண்டாக்கி வைக்கற சிகிச்சை) மேல கூடுதலா விக்கற சர்வீஸ் லிஸ்ட்டை, வேற வேற எடத்துல நீட்டறாங்கன்னு வெயிட்டிங் ஹால்ல பக்கத்துல உக்காந்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

என் கதை சுருக்கமா. 36 வயசுல போனேன், அதுக்கு முன்னாடி மூணு வருஷம் நாங்களே ட்ரை பண்ணிட்டு இருந்தோம். அது தப்புன்னு இப்பத் தெரியுது, 35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம் பாத்துட்டுப் போகலாம், 35 தாண்டிட்டா ஆறு மாசத்துலயே போயி டெஸ்ட் எடுத்துடணும்னுதான் எல்லா டாக்டரும் சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023ல ஒரு ரிப்போர்ட் விட்டுச்சு, வாழ்நாள்ல ஏதோ ஒரு கட்டத்துல ஆறு பேருக்கு ஒருத்தர் குழந்தையின்மைப் பிரச்சனையைப் பாக்கறாங்களாம். ஆறுல ஒருத்தர்னா நம்ம பழகற எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தர் இருக்கணும், ஆனா யாரும் வாயத் தொறக்கறதில்ல, நானும்தான் தொறக்கல.

நல்லதுல இருந்து ஆரம்பிக்கறேன். முதல் விசிட்ல டாக்டர் மேடம் என்னைப் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் கையில விந்து டெஸ்ட்டுக்கு ஒரு டப்பாவைக் குடுத்து அனுப்பிட்டாங்க. இது எவ்ளோ பெரிய விஷயம்னு வேற எடத்துல அலைஞ்சவங்களுக்குத்தான் தெரியும், பொம்பளைக்கு ஸ்கேன், ரத்தம், ட்யூப் (கருக்குழாய்) டெஸ்ட், லேப்ரோ (வயித்துல சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டுப் பாக்கறது) வரைக்கும் எல்லாத்தையும் பண்ணிட்டு ஒரு வருஷம் கழிச்சு "சாருக்கு ஒரு கவுண்ட் பாத்துடலாமா"ன்னு கேக்கற எடங்கள் இருக்கு. இங்க ஒரே வாரத்துல அவர் ரிப்போர்ட், என் தைராய்டு, ஹார்மோன், உள்வழி ஸ்கேன் எல்லாம் டேபிள்ல இருந்துச்சு. அவருது நார்மல். எனக்கு இடது ஓவரியில 3 சென்டிமீட்டருக்கு ஒரு சாக்லேட் சிஸ்ட், அதாவது எண்டோமெட்ரியோசிஸ்.

மேடம் கேட்டாங்க, "பீரியட்ஸ் டைம்ல வலி எப்படிம்மா இருக்கும்?" நான் வழக்கம் போல "எல்லாருக்கும் இருக்கற மாதிரிதான் மேடம்"னேன். "எல்லாருக்கும் எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு திருப்பிக் கேட்டாங்க. பதில் இல்ல என்கிட்ட. ஸ்கூல் படிக்கறப்ப இருந்து மாசம் ரெண்டு நாள் சுருண்டு படுத்துட்டு, அதுதான் பொம்பளைப் பொறப்புன்னு நெனச்சிட்டு இருந்தவ நான். அந்த ஒரு கேள்விக்காகவே மேடத்துக்கு முழு மார்க் போட்டுட்டேன் மனசுல.

அப்பறம் நானே இதைப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். குழந்தைப்பேறு வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல பத்துல ஒருத்தருக்கு இது இருக்குன்னு கணக்கு. கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய லைனிங் மாதிரியே ஒரு திசு வெளிய ஓவரியில, ட்யூப்ல, குடல் மேல எல்லாம் ஒட்டி வளருது. ஏன்னு கேட்டா, சாம்ப்சன்னு ஒரு டாக்டர் 1920கள்லயே ஒரு விளக்கம் சொன்னாரு, பீரியட்ஸ் ரத்தம் கொஞ்சம் ட்யூப் வழியாப் பின்னாடி போயி வயித்துக்குள்ள கொட்டுது, அதுல இருக்கற செல் அங்கயே வேர் பிடிச்சுடுதுன்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி போறது பெரும்பாலான பொண்ணுங்களுக்கு நடக்கறதுதான், அப்பறம் ஏன் சிலருக்கு மட்டும் வேர் பிடிக்குதுங்கறது நூறு வருஷம் ஆகியும் முழுசா அவிழல. உடம்போட எதிர்ப்பு சக்தி அந்தச் செல்லைத் துடைச்சுப் போடாம விட்டுடுதா, ஹார்மோனா, ஜீனான்னு எல்லாப் பக்கமும் தோண்டறாங்க. 2023ல ஒரு பெரிய ஜீன் ஆராய்ச்சி வந்துச்சு, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கற 60,000க்கும் மேல பொண்ணுங்களோட மரபணுவை இல்லாதவங்களோட ஒப்பிட்டு, இதோட சம்பந்தம் இருக்கற 42 எடத்தைக் குறிச்சிருக்காங்க, அதுல சிலது மைக்ரேன், முதுகு வலி மாதிரி நாள்பட்ட வலிகளோடயும் ஒத்துப்போகுதாம். எனக்கு மைக்ரேனும் உண்டு. அதைப் படிச்ச அன்னிக்கு கொஞ்ச நேரம் போனைக் கவுத்து வச்சுட்டு சும்மா உக்காந்துட்டு இருந்தேன்.

ரெண்டாவது நல்ல விஷயம், அந்த சிஸ்டை உடனே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னு சொல்லல. நான்தான் "எடுத்துடுங்க மேடம், அது இருக்கறதாலதானே நிக்கல"ன்னு அவசரப்பட்டேன். சிஸ்டை உரிச்சு எடுக்கறப்ப கூடவே நல்ல ஓவரித் திசுவும் போகும், முட்டை இருப்பு இன்னும் குறையும், ஐவிஎஃப்க்கு முன்னாடி வழக்கமா எடுக்கறதால குழந்தை பொறக்கற வாய்ப்பு கூடுதுன்னு ஆதாரமும் இல்ல, வலி தாங்க முடியலன்னாலோ முட்டை எடுக்க வழி மறைச்சாலோ மட்டும் யோசிக்கலாம்னு பொறுமையா படம் வரைஞ்சு காட்டினாங்க. ஆபரேஷன் பண்ணி சம்பாதிக்கற வாய்ப்பைக் கையில வச்சுட்டு வேண்டாம்னு சொல்ற டாக்டர் கிடைக்கறது கஷ்டம்.

ட்யூப் டெஸ்ட், அதான் ட்யூப்ல டை விட்டு எக்ஸ்ரேல பாக்கற எச்எஸ்ஜி, வலிச்சுது. பொய் சொல்ல விரும்பல. வயித்தை ஈரத்துணி மாதிரிப் பிழிஞ்ச வலி, ஒரு நிமிஷம்தான் ஆனா அந்த ஒரு நிமிஷம் ஞாபகம் இருக்கும். ரெண்டு ட்யூபும் ஓப்பன். இதுல ஒரு சுவாரசியம் இருக்கு, ட்யூப்ல விடற அந்த டை தண்ணி வகையும் உண்டு எண்ணெய் வகையும் உண்டு, 2017ல நெதர்லாந்துல 1119 பொண்ணுங்களை வச்சுப் பாத்ததுல, எண்ணெய் டை விட்டவங்கள்ல 39.7 சதவீதம் பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள கர்ப்பம் தங்கியிருக்கு, தண்ணி டை விட்டவங்கள்ல 29.1 சதவீதம். வெறும் டெஸ்ட்டுக்கு விடற டை சிகிச்சை மாதிரி வேலை செஞ்சிருக்கு, ட்யூப்ல இருக்கற அழுக்கு அடைப்பை அலசி விடுதோ என்னவோ, ஏன்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல. எனக்கு ஏன் தண்ணி டைன்னு பின்னாடி கேட்டேன். எண்ணெய் டையில அயோடின் அதிகம், உடம்புல மாசக்கணக்குல தங்கும், உங்க தைராய்டு ஏற்கனவே ஓரத்துல நிக்குதுன்னாங்க. கேட்டா காரணம் சொல்றாங்க, அது போதும்.

இனிமே புலம்பல்.

டாக்டர் ரூம்ல இருந்து வெளிய வந்தா பக்கத்து ரூம்ல கவுன்சிலர்னு ஒருத்தங்க. மனசுக்கு ஆறுதல் சொல்றவங்கன்னு நெனச்சு நம்பி உள்ள போனேன், அவங்க பேக்கேஜ் விக்கறவங்க. என் ஏஎம்எச் ரிப்போர்ட்ல 0.9ங்கறதைப் பேனாவால ரெண்டு ரவுண்டு சுத்திட்டு, "மேடம் உங்களுக்கு முட்டை முடியப் போகுது, ஒரு மாசம் தள்ளினாலும் ரிஸ்க்"ன்னாங்க. கை நடுங்கிடுச்சு எனக்கு. வீட்டுக்குப் போற வழி முழுக்க அழுதேன்.

ஏஎம்எச் என்னன்னா, ஓவரிக்குள்ள வளர ஆரம்பிச்ச குட்டிக் குட்டி முட்டைப்பைகள் சுரக்கற ஹார்மோன். க்யூவுல எத்தனை பேர் நிக்கறாங்கன்னு தோராயமா சொல்லும், அவ்ளோதான். முட்டையோட தரத்தைச் சொல்லாது. சாதாரணமா மாசம் ஒரு முட்டைதான் வெளிய வரும், அதுக்குப் பின்னாடி க்யூ நீளமா இருந்தா என்ன குட்டையா இருந்தா என்ன? 2017ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, குழந்தையின்மை வரலாறு இல்லாத 30ல இருந்து 44 வயசு வரைக்குமான 750 பொண்ணுங்களைப் பின்தொடர்ந்து பாத்தாங்க, ஏஎம்எச் 0.7க்குக் கீழ இருந்தவங்களுக்கும் மத்தவங்களுக்கும் இயற்கையா கர்ப்பம் ஆகற வாய்ப்புல வித்தியாசம் தெரியல. ஆனா இதை வச்சு ஏஎம்எச் டெஸ்ட்டே வேஸ்ட்டுன்னும் சொல்லிட முடியாது, ஐவிஎஃப் பண்றப்ப ஊசிக்கு எத்தனை முட்டை வளரும்னு கணிக்கவும் டோஸ் முடிவு பண்ணவும் அது நிஜமாவே உதவும், எனக்கும் உதவுச்சு. டாக்டர் கையில அது டோஸ் பாக்கற அளவுகோல், கவுன்சிலர் கையில பயமுறுத்தற குச்சி. அடுத்த விசிட்ல மேடத்துகிட்ட சொன்னப்ப "அவங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது"ன்னாங்க, ஆனா அந்தக் கவுன்சிலர் ரூம் அப்படியேதான் இருக்கு, போன மாசம் கூடப் பாத்தேன்.

ஊசி நாட்கள். இந்த எடத்துல நர்ஸ் சிஸ்டர் ஒருத்தங்களைப் பத்திச் சொல்லியே ஆகணும். முதல் நாள் ஊசியை நேரா நிமுத்திப் பிடிச்சு நகத்தால ரெண்டு தட்டு தட்டி, காத்துக்குமிழி மேல ஏறறதைக் காட்டி, "இது போற வரைக்கும் அவசரப்படாதீங்க, போனப்பறம் நுனியில ஒரு சொட்டு நிக்கணும், அந்தச் சொட்டைப் பாத்துட்டுக் குத்துங்க"ன்னாங்க. தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, இன்னிக்கு இந்தப் பக்கம்னா நாளைக்கு அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் கை உதறினதைப் பாத்துட்டு "சார் நீங்க காட்டன் பிடிங்க, அக்கா போட்டுக்குவாங்க"ன்னு சிரிச்சாங்க, அதுல இருந்து கடைசி வரைக்கும் நானேதான் போட்டுக்கிட்டேன், அவர் காட்டன் டிபார்ட்மெண்ட்.

அந்த ஊசி மருந்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு, படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. இப்ப இந்த ஹார்மோனை லேப்லயே செல் வளத்துத் தயாரிக்கறாங்க, 1950கள்ல அதெல்லாம் இல்ல, மெனோபாஸ் ஆனவங்க சிறுநீர்ல முட்டையை வளர வைக்கற எஃப்எஸ்எச் ஹார்மோன் நெறைய வெளிய போகும்ங்கறதால அதைச் சேகரிச்சுப் பிரிச்செடுத்தாங்க. அவ்ளோ வயசானவங்களை ஒரே எடத்துல எங்க பிடிக்கறது? இத்தாலியில கன்னியாஸ்திரி மடங்கள்ல. யாரும் கர்ப்பமா இருக்க வாய்ப்பில்லாததால வேற ஹார்மோன் கலக்கற பயமும் இல்ல. அந்த மருந்துல முதல் குழந்தை 1962ல பொறந்துச்சு. கல்யாணமே வேண்டாம்னு போன பாட்டிங்க புண்ணியத்துல எத்தனை பேர் அம்மா ஆயிருக்காங்க பாருங்க.

ட்ரிகர் ஊசி, அதாவது முட்டையை முதிர வைக்கற கடைசி ஊசி, ராத்திரி 10:30க்கு, அஞ்சு நிமிஷம் முன்னபின்ன ஆகக் கூடாதுன்னு சிஸ்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. மூணு போன்ல அலாரம் வச்சோம். 36 மணி நேரம் கழிச்சு முட்டை எடுக்கணும், அதுக்கு மேல விட்டா முட்டை தானாவே வெடிச்சு வெளிய போயிடும், முன்னாடி போனா முதிர்ந்திருக்காது. 10:29க்கு ஊசியைக் கையில வச்சுட்டு ரெண்டு பேரும் கடிகார முள்ளைப் பாத்துட்டு நின்னோம், ஏதோ ராக்கெட் விடப் போற மாதிரி.

எடுத்தது 7 முட்டை. அதுல 5 முதிர்ந்தது, 4 கருவாச்சு, அஞ்சாம் நாள் வரைக்கும் வந்தது 2. இந்தக் கணக்கை லேப்ல கருவைப் பாத்துக்கற எம்ப்ரியாலஜிஸ்ட் ஒருத்தங்க ஒவ்வொரு நாளும் காலைல போன் பண்ணிச் சொன்னாங்க, சுத்தி வளைக்காம, "குட் நியூஸ் மேடம்"னு ஜிகினா ஒட்டாம. "நாலாச்சு, நாளைக்குப் பாக்கலாம்." போனை வச்சுடுவாங்க. அந்தக் குரலை நான் இன்னும் நம்பறேன். லேப்ல நாள் முழுக்க மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சுட்டு இருக்கற இவங்களை யாருக்கும் தெரியாது, 1978ல உலகத்தோட முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் பொறந்த கதையில கூட விஞ்ஞானி எட்வர்ட்ஸ், டாக்டர் ஸ்டெப்டோ பேருதான் எல்லாருக்கும் தெரியும், லேப்ல கூடவே நின்னு அந்தக் கருவைப் பாத்துக்கிட்ட ஜீன் பர்டி பேரு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. எட்வர்ட்ஸுக்கு 2010ல நோபல் கிடைச்சப்ப மத்த ரெண்டு பேரும் உயிரோட இல்ல.

7 எப்படி 2 ஆச்சுங்கறதுக்கும் ஆராய்ச்சியில விளக்கம் இருக்கு. ஒரு பொண்ணு அவங்க அம்மா வயித்துல இருக்கறப்பவே அவளோட முட்டைகள் எல்லாம் உருவாகிடுது, 20 வாரக் கருவுல 60, 70 லட்சம், பொறக்கறப்ப 10, 20 லட்சம், வயசுக்கு வரப்ப மூணு நாலு லட்சம். அந்த முட்டைங்க குரோமோசோமைப் பிரிக்கற வேலையைப் பாதியில நிறுத்திட்டு வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கும், என் 36 வயசு முட்டை 36 வருஷமா அந்தப் பாதியிலயே நின்னுட்டு இருந்திருக்கு. குரோமோசோமை ஜோடியாக் கட்டி வச்சிருக்கற கோஹெசின்னு ஒரு புரதம் இருக்கு, வயசாக ஆக அந்தக் கட்டு தளர்ந்துடுது, கடைசியில பிரியறப்ப ஒண்ணு கூடவோ குறையவோ போயிடுது. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் பாதி வழியில நின்னுடும், இல்லன்னா ஒட்டாது, ஒட்டினாலும் கலைஞ்சுடும். நாம என்ன தப்பு பண்ணோம்னு உக்காந்து யோசிக்கறோம்ல, பலருக்கு விஷயம் அந்தக் கயிறுதான்.

இப்ப அந்தப் பேப்பர்.

ட்ரான்ஸ்ஃபருக்கு (கருவைக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கறது) முந்தின விசிட்ல கவுன்சிலர் ஒரு ஏ4 ஷீட்டை நீட்டினாங்க. மேல "ஆராய்ச்சிபூர்வமாக நிரூபிக்கப்பட்ட மேம்பட்ட சேவைகள்"னு தலைப்பு, கீழ வரிசையா பாக்ஸ், ஒவ்வொரு பாக்ஸுக்குப் பக்கத்துலயும் ஒரு சதவீதம். கவனிச்சுப் பாத்தா அஞ்சு பாக்ஸ்ல ஏற்கனவே நீல மையில டிக் போட்டிருக்கு. "இது யார் போட்டது?"ன்னேன். "எல்லாரும் எடுத்துக்கறதுதான் மேடம், அதான் நானே போட்டுட்டேன்." எனக்கு வந்த கோவத்துக்கு அந்த நீலப் பேனாவைப் பிடுங்கலாம்னு இருந்துச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சுட்டு வரேன்னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன், அவங்க முகம் மாறிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணாத் தேடினோம். அவர் அக்கவுண்ட்ஸ் பாக்கறவர், மெடிக்கல் ஒண்ணும் தெரியாது, ஆனா ஒரு கேள்வியை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார், "சதவீதம்னு போட்டிருக்காங்களே, எதுல சதவீதம்? டெஸ்ட் பாசிட்டிவ் ஆனதா, ஹார்ட்பீட் வந்ததா, குழந்தை கைக்கு வந்ததா?" பேப்பர்ல எங்கயும் அது இல்ல.

முதல் பாக்ஸ் ஸ்க்ராட்ச். கர்ப்பப்பை லைனிங்கை முந்தின மாசமே லேசாச் சுரண்டி விட்டா, அந்தக் காயம் ஆறறப்ப கரு நல்லா ஒட்டிக்கும்னு ஐடியா. 2003ல வந்த ஒரு சின்ன ஆய்வுல சுரண்டினவங்களுக்குக் குழந்தை பொறக்கறது ரெண்டு மடங்குன்னு வந்துச்சு, உடனே உலகம் முழுக்கச் சுரண்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பறம் 2019ல அஞ்சு நாட்டுல 1364 பொண்ணுங்களைச் சீட்டு குலுக்கற மாதிரி ரெண்டு கூட்டமாப் பிரிச்சு முறையாப் பாத்தாங்க. சுரண்டினவங்கள்ல குழந்தை பொறந்தது 26.1 சதவீதம். சுரண்டாதவங்கள்ல 26.1 சதவீதம். புள்ளிக்கு அப்பறம் கூட மாறல. அவர் அந்த நம்பரை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சுட்டு, "அப்ப இத்தனை வருஷம் எத்தனை பேருக்குச் சும்மா வலிச்சிருக்கு"ன்னார். எச்எஸ்ஜி ஞாபகம் வந்துச்சு எனக்கு.

ரெண்டாவது இக்சி. ஒரே ஒரு விந்தணுவை ஊசியில எடுத்து முட்டைக்குள்ள குத்தி விடறது. 1992ல வந்தப்ப ஆண் பக்கப் பிரச்சனை இருக்கறவங்களுக்குப் பெரிய வரம், இப்பவும் அப்படித்தான். ஆனா ஆண் ரிப்போர்ட் நார்மல்னா? 2021ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் நார்மலா இருந்த 1064 ஜோடி, இக்சியில குழந்தை பொறந்தது 35 சதவீதம், சாதா ஐவிஎஃப்ல 31, பெரிய வித்தியாசம்னு சொல்ற அளவுக்கு இல்ல. எங்களுக்கு அது ஏற்கனவே பண்ணி முடிச்சாச்சு, யாரும் கேக்கல, "முட்டை கம்மி, ரிஸ்க் எடுக்க வேண்டாம்னு பண்ணிட்டோம்"னாங்க. அந்தக் காரணம் ஓரளவு புரியுது. கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்.

டைம்-லாப்ஸ் இன்குபேட்டர், அதாவது கரு இருக்கற பெட்டிக்குள்ளயே கேமரா. கரு ரெண்டாகி நாலாகற வீடியோவைக் காட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், சோப்பு நுரை மெதுவாப் பெருகற மாதிரி. 2024ல லான்செட்ல 1575 பேரை வச்சுப் பாத்த ட்ரையல்ல இதால குழந்தை பொறக்கறது கூடல. நாங்க எடுத்தோம். ஆமா, படிச்சுட்டேதான் எடுத்தோம், அந்த வீடியோ வேணும்னு தோணுச்சு. அதுக்கு யாரும் என்னைத் திட்டாதீங்க. ஆனா "வீடியோ சர்வீஸ்"னு போட்டு வித்தா நேர்மையா இருக்கும், "வெற்றி வாய்ப்பு அதிகம்"னு போடக் கூடாது.

பிஜிடி-ஏ தான் பெரிய ஐட்டம், கருவோட வெளி அடுக்குல அஞ்சாறு செல்லை எடுத்துக் குரோமோசோம் சரியா இருக்கான்னு பாக்கறது. கயிறு தளர்ற கதை மேல சொன்னேன்ல, அதைப் படிச்சவளுக்கு இதுதான் தீர்வுன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா எடுக்கற செல் நஞ்சுக்கொடியாகப் போற பகுதி, உள்ள குழந்தையாகப் போற பகுதி அதே மாதிரிதான் இருக்கும்னு உறுதி இல்ல. அதைவிட முக்கியம், டெஸ்ட் பண்றதால கெட்ட கரு நல்ல கருவா மாறாது, இருக்கறதுல எதை முதல்ல வைக்கலாம்னு வரிசைப்படுத்தத்தான் உதவும். 2021ல 1212 பேரை வச்சுப் பண்ண ட்ரையல்ல டெஸ்ட் பண்ணவங்கள்ல மொத்தமா குழந்தை பொறந்தது 77.2 சதவீதம், பண்ணாதவங்கள்ல 81.8. அது 37 வயசு வரைக்கும், நல்ல கரு குறைஞ்சது மூணு இருக்கறவங்களை வச்சுப் பண்ணது, அதனால எல்லாருக்கும் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், திரும்பத் திரும்பக் கலையறவங்க, 40ஐ நெருங்கறவங்க டாக்டர்கிட்ட தனியாப் பேச வேண்டிய விஷயம் அது. என்கிட்ட இருந்ததே ரெண்டு. ரெண்டை வரிசைப்படுத்த ஒரு டெஸ்ட்டா?

அஞ்சாவது டிக் "ப்ரீமியம் ரெஸ்ட் ரூம்", ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சு படுத்துக்க. கரு வச்சதும் எழுந்து நடந்தா விழுந்துடாது, படுத்தே கெடக்கறதால ஒரு பலனும் இல்லன்னு ஆய்வுகள் எப்பவோ சொல்லியாச்சு.

மறுநாள் பேப்பரை எடுத்துட்டு நேரா மேடத்துகிட்ட போனோம். மூணு பாக்ஸை வேண்டாம்னு அடிச்சிருந்தோம். மேடம் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "நீங்க அடிச்சது சரிதான்"னாங்க. அவர் விடல, "அப்ப ஏன் மேடம் இந்தப் பேப்பர்?" "பேஷண்ட்ஸ் கேக்கறாங்க சார், வேற எடத்துல குடுக்கறாங்க நீங்க ஏன் குடுக்கலன்னு." அதுலயும் உண்மை இருக்குன்னு ஒத்துக்கறேன், தோத்துப் போன எடத்துல எதையாவது புதுசா செய்யணும்னு நமக்கே அரிப்பு இருக்கு. ஆனா நிரூபிக்கப்பட்டதுன்னு தலைப்பு போட்டது பேஷண்ட் இல்லையே. இங்கிலாந்துல இந்தத் துறையைக் கண்காணிக்கற எச்எஃப்இஏ ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் ஆதாரம் எப்படின்னு கலர் போட்டுப் பொதுவுல வச்சிருக்காங்க, யார் வேணா பாக்கலாம். அந்த மாதிரி ஒரு கலர் பேப்பரை இவங்களே சுவத்துல ஒட்டினா நானே வந்து இன்னொரு ரிவ்யூ எழுதறேன்.

ட்ரான்ஸ்ஃபர் அன்னிக்கு நடந்ததெல்லாம் அருமை. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, டேபிள்ல ஒரு தடவை, லேப் ஜன்னல் வழியா ஒரு தடவை என் பேரையும் அவர் பேரையும் சொல்லச் சொல்லி சரி பாத்தாங்க, ரெண்டு பேர் கையெழுத்து போட்டப்பறம்தான் கருவை எடுத்தாங்க. ரெண்டு கருவையும் ஒரே நேரத்துல வைக்கச் சொல்லி நான் கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாங்க, ரெட்டைக் குழந்தைன்னா அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து கூடும், ஒண்ணு ஒண்ணாத்தான் வைப்போம்னு. ஸ்கேன் ஸ்க்ரீன்ல சாம்பல் கலர் நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி நின்னுச்சு. அது கரு இல்ல, கூட வர காத்துக்குமிழின்னு சிஸ்டர் காதுல சொன்னாங்க. அந்தக் காத்தைப் பாத்துத்தான் கண்ணு கலங்கினேன்.

அந்த ரெண்டும் நிக்கல. இதைச் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுங்கறதுதான் ஒரு கிளினிக்கோட தரம். மேடம் முக்கா மணி நேரம் உக்காந்து பேசினாங்க. வெளிய வந்ததும் கவுன்சிலர் புதுப் பேப்பர். இந்தத் தடவை ஈஆர்ஏ டெஸ்ட்டும் ஸ்டீராய்டு மாத்திரையும். ஈஆர்ஏன்னா லைனிங்ல ஒரு துண்டு எடுத்து ஜீன் பாத்து, உங்க கர்ப்பப்பை எந்த மணி நேரத்துல கதவைத் தொறக்கும்னு சொல்றது. 2022ல ஜாமாவுல 767 பேர், டெஸ்ட் சொன்ன நேரத்துல வச்சவங்களுக்குக் குழந்தை 58.5 சதவீதம், வழக்கமான நேரத்துல வச்சவங்களுக்கு 61.9. ஸ்டீராய்டும் அப்படியே, திரும்பத் திரும்பக் கரு ஒட்டாதவங்க 715 பேரை வச்சு 2023ல பாத்ததுல மாத்திரைக்கு 37.8, டம்மி மாத்திரைக்கு 38.8, கூடவே மாத்திரை எடுத்தவங்களுக்குக் குறைமாசப் பிரசவம் அதிகம். ரெண்டையும் அடிச்சுட்டு ரெண்டாவது சைக்கிள், அதாவது ஊசியில இருந்து மறுபடியும் ஒரு ரவுண்டு, போனோம். டோஸ் மாத்தினாங்க, இந்தத் தடவை அஞ்சாம் நாள் கரு 3.

சின்னச் சின்னக் குறைகள் வேகமா. வெயிட்டிங் ஹால்ல முழுப் பேரையும் எதுக்கு வந்திருக்கீங்கன்னும் சேத்துக் கத்திக் கூப்பிடுவாங்க, மாத்துங்க. ஸ்கேனுக்குக் காலைல எட்டு மணின்னா பத்தரைக்குக் கூப்பிடுவாங்க. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணுக்குப் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால முட்டை ஒழுங்கா வெளிய வராத பிரச்சனை), வெயிட் குறைச்சுட்டு வா அப்பத்தான் மருந்தேன்னு வேற எடத்துல ஒரு வருஷம் திருப்பி அனுப்பியிருக்காங்க, இங்க வந்த முதல் மாசமே முட்டை வளர வைக்கற லெட்ரசோல் மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்களாம். அது சரியான வேலை, பிசிஓஎஸ்ல 2014ல 750 பேரை வச்சுப் பாத்தப்ப லெட்ரசோல்ல குழந்தை பொறந்தது 27.5 சதவீதம், பழைய க்ளோமிஃபீன்ல 19.1. அந்தப் பொண்ணுக்கு அப்பறம் என்னாச்சுன்னு தெரியல, அவங்களும் ரிசல்ட் சொல்லாம காணாம போயிட்டாங்க.

ஸ்டார் போடணும்ல. டாக்டர் மேடத்துக்கு அஞ்சு. லேப்புக்கு அஞ்சு. காட்டன் ஜோக் அடிச்ச சிஸ்டருக்கு ஆறு போட எடம் இல்ல. கவுன்சிலர் ரூமுக்கும் அந்த ஏ4 ஷீட்டுக்கும் சேத்து ஒண்ணு, அதுவும் ஏசி நல்லா இருந்ததால. மொத்தத்துல மூணு. போவீங்களான்னு கேட்டா போங்க, பேனா மட்டும் உங்க கையில இருக்கட்டும்.

உறைய வச்ச கரு ரெண்டு இன்னும் அங்கதான் இருக்கு. போன வாரம் ஸ்டோரேஜ் புதுப்பிக்கற ஃபார்ம் வந்துச்சு, ஒரு பக்கம்தான், பேரு, தேதி, கையெழுத்து. கடைசியில பொடி எழுத்துல ஒரு பாக்ஸ், "அடுத்த ட்ரான்ஸ்ஃபருக்கு மேம்பட்ட சேவைகளுக்கு சம்மதிக்கிறேன்". நீல மையில டிக் போட்டிருந்துச்சு.